நாக்கை இழுத்துப் பிடிப்பது எது?

பங்குனி பிறந்தால் வரதராஜன்பேட்டையைச் சுற்றியுள்ள முந்திரிக்காடுகளில் பழ வாடை வீசத் தொடங்கும். ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கமெல்லாம் செம்மண்ணில் சிவப்பும் மஞ்சளுமாகப் பழங்கள் விழுந்து கிடக்கும். கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிடுவார்கள். ஆடு மாடுகள் தின்னும், பிள்ளைகள் உப்பு தொட்டுத் தின்பார்கள், மீதி அழுகும். கொட்டையைவிடப் பழம் ஐந்து முதல் பத்து மடங்கு எடை கொண்டது. ஆரஞ்சைப்போலப் பல மடங்கு வைட்டமின் சி அதில் இருக்கிறது. இருந்தும் விலை கொட்டைக்குத்தான்.

இந்தப் பழத்தைத் தின்றவர்களுக்கு ஒரு வினோதம் தெரிந்திருக்கும். கடித்தவுடன் சாறு வழிந்து முழங்கை வரை ஓடும். பழத்தில் எண்பத்தைந்து சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். ஆனால் இரண்டாவது கடியிலேயே வாய் வறண்டு, நாக்கு அண்ணத்தில் ஒட்டுகிறது. மூன்றாவது கடியில் கன்னத்தின் உட்புறம் சுருங்குகிறது. வாய் நிறையச் சாறு இருக்கும்போது வாய் எப்படி வறளும்?

இதே கேள்வியோடு பல தலைமுறைகளாக மல்லுக்கட்டியவர்கள் இத்தாலியின் தஸ்கனி மாநிலத்தில் இருக்கிறார்கள். அங்கே கியாந்திக் குன்றுகளில் விளையும் சிவப்பு வைனை முதன்முறை வாயில் வைக்கும் ஆண்டிமடத்துக்காரருக்கு, பழக்கப்பட்ட ஏதோ ஒன்று நாக்கைப் பிடித்ததாகத் தோன்றும். திரவத்தைக் குடித்தும் வாய் உலரும். இனிப்பில்லாத வைனை ஆங்கிலத்தில் ‘உலர்ந்தது’ என்கிறார்களே, அது வேறு விஷயம். நான் சொல்வது உண்மையான வறட்சி. முந்திரிப்பழத்திலும் கியாந்தியிலும் அதைச் செய்வது ஒரே குடும்பத்தைச் சேர்ந்த வேதிப்பொருள்கள். அவற்றை அடக்கியாளத் தெரிந்ததால்தான் சாதாரணக் குடியானவன் வீட்டு மேசைக்கு ஏற்ற விலையில் ஒரு வைன் அங்கே சாத்தியமானது. குடிப்பழக்கத்தைப் பரிந்துரைப்பது என் நோக்கமல்ல. ஆல்கஹால் புற்றுநோய்க் காரணிகளுள் ஒன்று என்பதில் மருத்துவ உலகுக்குச் சந்தேகமில்லை. என் ஆர்வமெல்லாம் துவர்ப்பின் மீது.

முதலில், துவர்ப்பு ஒரு சுவையா? நாம் அறுசுவையில் அதற்கு இடம் கொடுத்திருக்கிறோம். பாக்கு, வாழைப்பூ, மாதுளம்பிஞ்சு, நாவல்பழம் என்று உதாரணங்களும் வைத்திருக்கிறோம். உடலியல் ஆய்வாளர்களோ இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி என்று ஐந்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். துவர்ப்பைத் தொடுவுணர்வின் பக்கம் தள்ளிவிட்டார்கள். ஏன் அப்படிச் செய்தார்கள் என்று பார்த்தால் அந்த முடிவுக்கு வந்த வழி அழகானது.

நாக்கில் சுவைமொட்டுகள் இருக்கின்றன. மேலுதட்டுக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள இடுக்கில் அவை கிடையாது. சர்க்கரையை அங்கே வைத்தால் இனிக்காது. 1993ல் பால் பிரெஸ்லின் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் படிகாரக் கரைசலை அந்த இடுக்கில் தடவிப் பார்த்தார்கள். முகச்சவரத்துக்குப் பிறகு தடவுகிறோமே, அதே படிகாரம்தான். சுவைமொட்டே இல்லாத இடத்தில் துவர்ப்பு தெரிந்தது. வீட்டில் யார் வேண்டுமானாலும் பாக்குத்தூளை வைத்து இதைச் சோதித்துக்கொள்ளலாம்.

அதற்கு இருபதாண்டுக்குப் பிறகு, 2014ல், ஜெர்மனியின் போக்கும் நகர ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். நாக்கின் முன்பகுதியிலிருந்து சுவைச் செய்தியைக் கொண்டுபோகும் நரம்பு ஒன்று. தொடுதல், வலி, மிளகாயின் எரிச்சல் ஆகியவற்றைக் கொண்டுபோவது முக்கிளை நரம்பு. மூன்று கிளைகளாகப் பிரிந்து முகம் முழுக்கப் பரவியிருப்பதால் அந்தப் பெயர். சுவை நரம்பை மட்டும் மரத்துப்போகச் செய்தபோது சோதனைக்கு வந்தவர்களுக்குத் துவர்ப்பு தெரிந்துகொண்டிருந்தது. முக்கிளை நரம்பையும் சேர்த்து மரக்கச் செய்தபோது துவர்ப்பு மறைந்துபோனது. ஆக, துவர்ப்பைச் சொல்லுகிற நரம்பு சுவை நரம்பு அல்ல. அதனால் நம் முன்னோர் கணக்குத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் நரம்பை எண்ணவில்லை, வாய்க்குள் நிகழும் அனுபவத்தை எண்ணினார்கள். அந்த எண்ணிக்கையில் ஆறு சரியே.

தொடுவுணர்வு என்றால் எதைத் தொடுகிறோம்? இங்கேதான் எச்சில் வருகிறது. நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கிறோம். வெறும் தண்ணீராக இருந்தால் அது வழவழக்காது. அதில் கரைந்திருக்கும் புரதங்கள்தான் நாக்கு, அண்ணம், கன்னம் எல்லாவற்றின் மீதும் மெல்லிய வழுக்குப் படலமாகப் படிந்து, ஒன்றன்மேல் ஒன்று உரசாமல் காக்கின்றன. கிணற்று ராட்டினத்துக்கு எண்ணெய் போட்டுவைத்தால் கயிறு இழுப்பதே தெரியாது. எண்ணெய் வற்றிய அன்றைக்குத்தான் ராட்டினம் கிறீச்சிட்டுத் தன்னை நினைவூட்டும். துவர்ப்பு என்பது வாய்க்குள் எண்ணெய் வற்றிய நிலை. எச்சிலின் தண்ணீர் அப்படியே இருக்கிறது, வழவழப்பு மட்டும் போய்விட்டது. வாய் ஈரமாக இருக்கும்போதே வறட்சியாகத் தோன்றுவது அதனால்தான்.

அந்த வழவழப்பைப் பறிப்பது டானின். தமிழில் துவர்ப்பி எனலாம். செடிகொடிகள் தங்களைத் தின்னவரும் பூச்சிகளையும் விலங்குகளையும் தடுக்கப் பட்டையிலும் இலையிலும் பிஞ்சுக் காயிலும் விதையுறையிலும் சேர்த்துவைக்கும் பொருள்களின் கூட்டம் இது. டானின் மூலக்கூறு புரதத்தைக் கண்டால் பிடித்துக்கொள்ளும். ஒரு டானின் இரண்டு மூன்று புரதங்களைச் சேர்த்துக் கட்டும். கட்டுண்ட புரதங்கள் கரைசலில் நிற்கமாட்டாமல் திரிந்து துகளாக இறங்கிவிடும். துவர்ப்புக்குக் காரணம் எச்சில் புரதம் இப்படித் திரிவதே என்ற கருத்தை 1954ல் இங்கிலாந்தின் பேட்-ஸ்மித் முன்வைத்தார். இன்றுவரை அடிப்படை விளக்கம் அதுவே. நாக்கின் உயிரணுக்களையும் டானின் நேரடியாகத் தூண்டுகிறது என்பதைப் பிற்கால ஆய்வுகள் அதனோடு சேர்த்திருக்கின்றன.

எச்சில் புரதங்களில் டானினுக்கு மிகவும் பிடித்தது புரோலின் என்ற அமினோ அமிலம் மிகுந்த வகை. புரதங்கள் பொதுவாக மடிந்து சுருண்டு கிடப்பவை. புரோலினின் வளைய அமைப்பு அந்தச் சுருளலுக்கு இடம் கொடுக்காது. சங்கிலி விரிந்தபடி நிற்கும். தட்டையான வளையங்களைக் கொண்ட டானினுக்கு அது ஒட்டிக்கொள்ள வசதியான இடம். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் தொடர்பே இல்லாததாகத் தெரியும் பல காரியங்கள் ஒன்றாகிவிடும். திண்டுக்கல்லிலும் வாணியம்பாடியிலும் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் ஊறவைத்த நீரில் தோலைப் போட்டுப் பதனிட்டார்கள். தோலின் கொலாஜன் புரோலின் நிறைந்த புரதம். பட்டையின் டானின் அதைக் கட்டிப்போட்டதும் தோல் அழுகாத பதத்துக்கு வந்தது. டானின் என்ற பெயர் வந்ததே தோல் பதனிடும் தொழிலிலிருந்துதான். தேநீரில் பால் ஊற்றுகிறோம். பாலின் புரதமான கேசீனிலும் புரோலின் மிகுதி. டீக்கடையில் கடுந்தேநீர் நாக்கைப் பிடிப்பதும், பால் சேர்த்தால் பிடிக்காமல் போவதும், டானின் உங்கள் எச்சிலுக்கு வருமுன்பே பாலிடம் மாட்டிக்கொள்வதால்தான்.

எச்சிலில் இப்படியொரு புரதம் ஏன் இருக்கவேண்டும்? 1983ல் அமெரிக்காவில் எலிகளுக்கு டானின் மிகுந்த சோளத்தைத் தீனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். சில நாட்களிலேயே எலிகளின் கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பிகள் பெருத்தன. புரோலின் மிகுந்த புரதங்கள் பல மடங்கு அதிகமாகச் சுரந்தன. செடி ஏவிய டானினை வாயிலேயே மடக்கிவிட்டால் அது வயிற்றுக்குள் போய் அங்குள்ள செரிமானப் புரதங்களைக் கட்டிப்போடாது. வாயின் வறட்சி, உடல் அதற்காகக் கொடுக்கும் விலை என்று இதிலிருந்து படித்துக்கொள்ளலாம். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. நாம் சலித்துக்கொள்ளும் ஓர் உணர்வுக்குப் பின்னால் இவ்வளவு பெரிய தற்காப்பு ஏற்பாடு இருக்கிறது.

இனி திராட்சைக்கு வரலாம். தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023ல் புவிசார் குறியீடு பெற்றது. வரதராஜன்பேட்டை சந்தையிலும் கிடைக்கக்கூடிய பழம்தான். ஒன்றை எடுத்துத் தோலை உரித்துப் பாருங்கள். கருநீலம் முழுவதும் தோலில் இருக்கிறது, சதை வெளிறிய பச்சை. சதையை மட்டும் சப்பினால் இனிப்பு. தோலை மென்றால் லேசான துவர்ப்பு. விதையைக் கடித்தால் வாய் இழுத்துக்கொள்ளும். பெரும்பாலான கறுப்புத் திராட்சைகளின் கதை இதேதான். நிறம் தருவது தோலிலுள்ள ஆந்தோசயனின் என்ற நிறமி. டானின் தோலிலும் விதையிலும் காம்பிலும் இருக்கிறது.

பன்னீர் திராட்சைக்கு இத்தாலியோடு ஒரு ரத்த உறவும் உண்டு. மஸ்கட் ஹாம்பர்க் என்று உலகம் அழைக்கும் இந்த ரகத்தின் பெற்றோர் யார் என்பது நெடுங்காலம் ஊகமாகவே இருந்தது. 2003ல் இத்தாலியின் மன்னா கிரெஸ்பான் மரபணுவின் குறிப்பிட்ட இடங்களை ஒப்பிட்டுப் பார்த்தார். ஒவ்வோர் இடத்திலும் பிள்ளைக்குப் பாதி தாயிடமிருந்தும் பாதி தகப்பனிடமிருந்தும் வந்திருக்கவேண்டும்; அந்தக் கணக்கு பிசகாமல் பொருந்தியது இரண்டு ரகங்களுக்கு. ஒன்று அலெக்சாந்திரியா மஸ்கட். மற்றது ஸ்கியாவா கிராசா, வட இத்தாலியின் மலைச்சரிவுகளில் விளைவது, டானின் குறைந்த மெல்லிய சிவப்பு வைனுக்குப் பேர்போனது. கம்பத்துப் பழம் நாக்கை அதிகம் படுத்தாததில் அந்த வம்சத்தின் பங்கும் இருக்கலாம்.

திராட்சைச் சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் தின்று ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுவதே நொதித்தல். வெள்ளை வைனுக்குப் பழத்தைப் பிழிந்து தோலை எறிந்துவிட்டுச் சாற்றை மட்டும் நொதிக்க விடுவார்கள். சிவப்புக்குத் தோலையும் விதையையும் சேர்த்தே ஊறவிடுவார்கள். முதலில் நிறம் இறங்கும். தோலின் டானின் தொடர்ந்து வரும். ஆல்கஹால் ஏற ஏற விதையின் டானினும் கரையத் தொடங்கும். தோலை எத்தனை நாள் சாற்றில் விடுவது என்ற ஒரு முடிவில்தான் வைனின் பாதித் தலையெழுத்து இருக்கிறது. வரதராஜன்பேட்டை கத்தோலிக்கர்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். திருப்பலியின் திராட்சை இரசம் அவர்களுக்குப் புதிதல்ல. அது திராட்சையிலிருந்து இயற்கையாக உண்டானதாகவும் கெட்டுப்போகாததாகவும் இருக்கவேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். வெள்ளையா சிவப்பா என்று சட்டம் கேட்பதில்லை. துணியில் கறை பிடிக்காது என்பதற்காக வெள்ளையை விரும்பும் குருமார்கள் உண்டு. பீடத்துக்கு வரும் இரசம் பெரும்பாலும் இனிப்பானது, துவர்ப்பு குறைந்தது. இதே மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய வீரமாமுனிவர் பிறந்த நாடான இத்தாலியில், உணவோடு குடிக்கும் வைன் முற்றிலும் வேறு குணம் கொண்டது.

சியென்னா, பிளாரன்ஸ் நகரங்களுக்கு இடையே புரோலியோ என்ற கோட்டை இருக்கிறது. 1141லிருந்து ரிக்காசோலி குடும்பத்தின் பெயரோடு சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதன் உடைமையாளர் பெத்தினோ ரிக்காசோலி பிரபு, ஒன்றுபட்ட இத்தாலியின் இரண்டாவது பிரதமர். பதவிக்காலம் போக மீதி வாழ்நாளெல்லாம் அவர் திராட்சைகளைத் தனித்தனியாக நொதிக்கவைத்தும் கலந்தும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பகுதியின் முதன்மைத் திராட்சை சாஞ்சோவேசே. மணமும் வலுவும் மிக்கது. கூடவே புளிப்பும் கடுந்துவர்ப்பும். பிரபு தன் முடிவுகளை 1872ல் பீசா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டுடியாத்திக்குக் கடிதமாக எழுதினார். மணத்துக்கும் உரத்துக்கும் சாஞ்சோவேசே. அதன் முரட்டுத்தனத்தைத் தணிக்கக் கனையோலோ என்ற மென்மையான கறுப்புத் திராட்சை. அன்றாட மேசைக்கான இளம் வைன் என்றால் மால்வாசியா என்ற வெள்ளைத் திராட்சையும் சேர்க்கலாம்; நாள்பட வைத்திருக்கப் போகும் வைனில் அது வேண்டியதில்லை.

வேதியியல் தெரிந்து படித்தால் இந்தக் கடிதம் டானினை நிர்வகிக்கும் திட்டமாகத் தெரியும். வெள்ளைத் திராட்சையைச் சேர்ப்பது மொத்த டானினை நீர்க்கச் செய்வது. அப்படிச் செய்தால் காத்திருக்க வேண்டியதில்லை. காத்திருக்காவிட்டால் கிடங்கு வாடகை, மரப்பீப்பாய், முடங்கிக் கிடக்கும் முதல் எதுவும் விலையில் ஏறாது. தஸ்கனியில் இன்னொரு பழைய முறையும் இருந்தது. கொஞ்சம் திராட்சையைக் கொடியிலிருந்து பறித்து உலர்த்தி வைத்திருப்பார்கள். வைன் நொதித்து முடியும் தறுவாயில் அதன் சாற்றைச் சேர்த்து மறுபடி மெல்ல நொதிக்கவைப்பார்கள். வைன் மென்மையாகி, சில மாதங்களிலேயே குடிக்கும் பதத்துக்கு வரும்.

பிரபுவின் கடிதத்தில் பாதியைத்தான் சட்டம் எடுத்துக்கொண்டது என்பது என் வருத்தம். 1967ல் கியாந்திக்கான விதிகள் வந்தபோது வெள்ளைத் திராட்சை 10 முதல் 30 சதவீதம் இருந்தாகவேண்டும் என்றார்கள். அன்றாட வைனுக்கு மட்டும் என்று அவர் போட்டிருந்த நிபந்தனை காணாமல் போனது. நீர்த்துப்போன வைன்கள் சந்தையை நிறைத்தன, கியாந்தியின் பெயரும் கெட்டது. உட்பகுதியான கியாந்தி கிளாசிக்கோவில் 2006லிருந்து வெள்ளைத் திராட்சைக்கே தடை. இன்று அங்கே சாஞ்சோவேசே 80 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. சாதாரண வகை 12 மாதமும், ரிசெர்வா என்ற மேல்வகை 24 மாதமும் வைத்திருந்த பிறகே விற்கலாம். ரிக்காசோலிகளின் தொழிலும் இடையில் பிறர் கைக்குப் போய், 1993ல் பிரான்செஸ்கோ ரிக்காசோலி மீட்டெடுத்தார். பெரும் விலைக் குப்பிகளோடு எளிய விலையில் ஒரு கியாந்தியும் அந்தக் குடும்பம் இன்றும் விற்கிறது.

மாதங்கள் போனால் டானினுக்கு என்ன ஆகிறது? டானின்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, கனம் தாங்காமல் வண்டலாக அடியில் படிகின்றன, அதனால்தான் வைன் மென்மையாகிறது என்று பழைய பாடநூல்கள் சொல்லின. வண்டல் உண்மைதான். ஆனால் பெரிய டானின்கள் சிறியவற்றைவிட அதிகமாகத் துவர்ப்பவை என்று அளந்து பார்த்ததில் தெரிந்தது. பெரிதாவது மட்டுமே காரணமென்றால் பழைய வைன் இன்னும் மோசமாக இருந்திருக்கவேண்டும். வைனின் புளிப்பில் டானின் சங்கிலிகள் அறுந்தும் மீண்டும் சேர்ந்தும் கொண்டிருக்கின்றன. சில நிறமியோடு இணைகின்றன. பீப்பாயின் வழியே மெல்லக் கசியும் ஆக்சிஜன் அவற்றை உருமாற்றுகிறது. புரதத்தைப் பிடிக்கும் திறன் குறைந்த கலவையாக அவை மாறுகின்றன என்பதுவரை சொல்லலாம்.

காத்திருக்க முடியாதவர்களுக்கு முட்டை வெள்ளைக்கரு இருக்கிறது. ஐரோப்பியக் கிடங்குகளில் வெள்ளைக்கருவை அடித்துப் பீப்பாயில் ஊற்றுவது பழைய வழக்கம். கடுமையான டானின்கள் அதன் புரதத்தோடு ஒட்டி அடியில் இறங்கும், தெளிவை வடித்துக்கொள்வார்கள். ஜெலட்டினும் அதே வேலையைச் செய்யும். கொலாஜனிலிருந்து வந்ததல்லவா அது.

சாப்பாடும் உதவுகிறது. 2012ல் பிரெஸ்லின் குழுவினர் வேறொரு சோதனை செய்தார்கள். மெல்லிய துவர்ப்புநீரை வாய் வாயாகப் பருகச் செய்தபோது ஒவ்வொரு வாய்க்கும் துவர்ப்பு ஏறிக்கொண்டே போனது. நடுநடுவே கொழுப்பு மிகுந்த உலர் இறைச்சியைத் தின்னவைத்தபோது துவர்ப்பு தணிந்தது. பதிலுக்கு, கொழுப்பின் பிசுபிசுப்பைத் துவர்ப்பு கழுவிவிட்டது. ஒன்று வழவழப்பைக் கூட்டுகிறது, மற்றது குறைக்கிறது. வாய் நடுநிலைக்கு வருகிறது. பிரியாணிக்குப் பிறகு கடுந்தேநீரும், விருந்துக்குப் பிறகு பாக்கும் நம் வாய்க்கு இதமாக இருப்பதை இதனோடு பொருத்திப் பார்க்கலாம்.

முந்திரிப்பழத்துக்கும் இதே வழிகள் உண்டு. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் மாடக்கத்தறை முந்திரி ஆராய்ச்சி நிலையம் பழச்சாற்றைத் தெளியவைக்க ஜவ்வரிசியைப் பொடித்துக் கஞ்சியாகக் காய்ச்சிச் சேர்க்கச் சொல்கிறது. பழைய முறையில் அரிசிக் கஞ்சி ஊற்றுவார்கள். இரண்டிலும் டானின் கஞ்சியைப் பிடித்துக்கொண்டு அடியில் படியும். மேலே நிற்கும் தெளிந்த சாறு நாக்கை இழுக்காது. அதைச் சர்பத்தாகவோ பானமாகவோ பதப்படுத்தலாம். கோவாவில் வேறு வழி: நொதித்த சாற்றைக் காய்ச்சி வடித்தால் டானின் ஆவியாகாது, பானையிலேயே தங்கிவிடும். அப்படிக் கிடைக்கும் ஃபெனியில் துவர்ப்பு இல்லாதது அதனால்.

ஆனால் முந்திரிப்பழம் நாக்கை மட்டும் பிடிப்பதில்லை, தொண்டையிலும் காறுகிறது. அது டானினின் வேலை மட்டுமல்ல. தோலிலுள்ள எண்ணெய் போன்ற, மெழுகு போன்ற பொருள்களுக்கும் அதில் பங்கிருக்கிறது. அவை கஞ்சிக்கு மசியமாட்டா. அதற்குப் பழத்தை ஆவியில் வேகவைக்கவேண்டும், அல்லது 2 சதவீத உப்புநீரில் நாலைந்து நிமிடம் கொதிக்கவிட்டு நல்ல தண்ணீரில் கழுவவேண்டும். அந்தக் காறல் போன பிறகுதான் மிட்டாய், ஜாம் என்ற பேச்சு. இதையெல்லாம் பழம் விழுந்த அன்றைக்கே செய்தாகவேண்டும், மறுநாள் அது புளித்துவிடும். ரிக்காசோலிக்குத் திராட்சை கொடியிலேயே பல நாள் காத்திருந்தது. வரதராஜன்பேட்டைக்காரர்களுக்கு முந்திரி தரும் அவகாசம் ஒரு பகல். பிழியும் கருவியும் கொதிகலனும் தோப்புக்கு நடக்கும் தொலைவில் இருந்தால் அந்தப் பகல் போதும்.